சீஃப் ஆர்கிடெக்டில் கூரையைக் கையால் வரைவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்க வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலைக்குச் சென்னையிலும் கோவையிலும் நிறையப் பேர் புதிதாக வருகிறார்கள். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு வருபவர்களுக்குச் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். கூரை மட்டும் கைகொடுக்காது. நாம் படித்தது ஆர்.சி.சி. ஸ்லாப். சரிவுக் கூரை என்று கிங் போஸ்ட் ட்ரஸ் படம் ஒன்றைப் பரீட்சைக்கு வரைந்திருப்போம், அவ்வளவுதான். இங்கே வரும் வீடுகளில் ஒரே கூரையில் பத்துப் பன்னிரண்டு சரிவுகள் இருக்கும்.

நான் சேர்ந்த இடத்தில் இதை உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கூரை சரியாக வராததற்குச் சீஃப் ஆர்கிடெக்ட் மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாதது காரணம் இல்லை. பேஸ்லைன் (சரிவு தொடங்கும் சுவர்க்கோடு), பிட்ச் (சரிவின் ஏற்றம்), உயரம் மூன்றும் தெரியாமல் வரைய ஆரம்பிப்பதுதான் காரணம். இந்த மூன்றும் காகிதத்தில் இருந்தால் மிச்சம் தானாக வரும். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. எந்தப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது?

சீஃப் ஆர்கிடெக்ட் நிறுவனம் இரண்டு வரிசையில் மென்பொருள் விற்கிறது. தொழில்முறை ஆட்களுக்குப் ப்ரீமியர், வீட்டுக்காரர்களுக்கு ஹோம் டிசைனர். ப்ரீமியருக்குச் சந்தா கட்ட வேண்டும், விலையும் அதிகம். அலுவலகம் வாங்கிக் கொடுத்தால் அதிலேயே பழகுங்கள். வீட்டில் சொந்தக் காசில் வாங்கிப் பழகுவதாக இருந்தால் ஹோம் டிசைனர் போதும். ஆனால் அதில் விலை குறைந்த சூட் பதிப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் கூரை தானாகத்தான் விழும், கையால் வரையும் கருவி இல்லை. ஆர்கிடெக்சுரல், ப்ரோ இரண்டிலும் உண்டு. பணம் கட்டும் முன் நிறுவனத் தளத்தில் உள்ள ஒப்பீட்டு அட்டவணையில் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை டாலரில் போகும். வங்கி அதற்கு மேல் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், வங்கியின் ஆப்பில் முதலில் அதை ஆன் செய்ய வேண்டும்.

கோப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹோம் டிசைனரில் வரைந்ததைப் ப்ரீமியரில் திறக்கலாம், ப்ரீமியரில் வரைந்தது ஹோம் டிசைனரில் திறக்காது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. எனவே வாடிக்கையாளர் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

2. வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டியவை

கூரைக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் அனுப்புங்கள். நான் கேட்பவை இவை:

- ஒவ்வொரு பகுதியின் பிட்ச். 6/12 என்றால் கிடையாக 12 இன்ச் போகும்போது 6 இன்ச் ஏறுகிறது. வீட்டின் பெரும்பகுதி ஒரு பிட்ச்சிலும் முன்வாசல் இன்னொன்றிலும் இருக்கலாம்.
- பிளேட் உயரம், அதாவது சுவர்ச் சட்டத்தின் மேல்கட்டை வரை உள்ள உயரம் (சட்டத்தின் மேலும் கீழும் கிடையாக ஓடும் மரக்கட்டைதான் பிளேட்). "எட்டு அடி", "ஒன்பது அடி" என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். வழக்கமான கட்டுமானத்தில் எட்டடிச் சுவர் என்பது 97 1/8 இன்ச்: 92 5/8 இன்ச் ஸ்டட் (நிற்கும் மரக்கட்டை), அதோடு மூன்று பிளேட்டுக்கு நாலரை இன்ச். ஒன்பதடி என்றால் 109 1/8. வாய்வார்த்தைக்கும் இதற்கும் உள்ள 1 1/8 இன்ச் வித்தியாசம் செக்‌ஷன் போடும்போது வந்து நிற்கும்.
- ஓவர்ஹேங் (சுவருக்கு வெளியே கூரை நீளும் அளவு) எவ்வளவு, எங்கிருந்து அளந்தது. கடைசிப் பாதிதான் முக்கியம், காரணம் ஐந்தாவது படியில்.
- ட்ரஸ்ஸா (தயாராக வரும் முக்கோணச் சட்டம்), ராஃப்டரா (தனித்தனிச் சாய்மரம்). ட்ரஸ் என்றால் ஹீல் உயரம் (சுவர்மேல் அதன் முனை நிற்கும் உயரம்). ட்ரஸ் தயாரிக்கும் கம்பெனி தன் கணக்கை, முத்திரையிட்ட வரைபடத்தை, தானே கொடுத்துவிடும். ஆனால் பிட்ச், ஹீல், ஓவர்ஹேங் மூன்றையும் உங்கள் படத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.
- ஏற்கெனவே நிற்கும் வீட்டில் கூடுதல் அறை என்றால், நாலு பக்கமும் எடுத்த புகைப்படங்கள், பழைய கூரையின் அளந்த பிட்ச்.
- தரைத்தளப் படத்துக்கு எழுத்தில் ஒப்புதல்.

ஒப்புதல் வரும் முன் கூரையில் கை வைக்காதீர்கள். சுவர் இரண்டடி நகர்ந்தால் அந்தப் பக்கத்து முகடு ஓரடி நகரும், உயரமும் மாறும், அதை ஒட்டிய வேலிகள் (valley, இரண்டு சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் கோடு) எல்லாம் மாறும். நேர வித்தியாசத்தால் நம் கேள்விக்கு மறுநாள்தான் பதில் வரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு வாரம் ஓடிவிடும்.

3. மென்பொருளைத் திறக்கும் முன் காகிதக் கணக்கு

ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம். முக்கியப் பகுதி 40 அடி நீளம், 30 அடி அகலம். முகடு நீளவாக்கில் ஓடுகிறது, இரண்டு முனையும் கேபிள் (gable, முக்கோணச் சுவராக முடியும் முனை). முன்பக்கம் நடுவில் 20 அடி அகலத்தில் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கும் கேபிள். எல்லாம் 6/12.

முக்கியப் பகுதியில் பாதி அகலம் 15 அடி. அடிக்கு அரை அடி ஏற்றம், ஆக முகடு பேஸ்லைனிலிருந்து ஏழரை அடி உயரம். நீட்டலில் பாதி அகலம் 10 அடி, ஏற்றம் 5 அடி. அதாவது நீட்டலின் முகடு இரண்டரை அடி தாழ்வாக இருக்கும். அது பின்னோக்கிப் போய் முக்கியச் சரிவில் எங்கே முட்டும்? முக்கியச் சரிவு 5 அடி ஏறுவதற்கு 10 அடி உள்ளே போக வேண்டும். அதனால் சுவரிலிருந்து சரியாக 10 அடி உள்ளே. இந்தப் புள்ளியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாடிக்கையாளர், "முன்பக்கம் எடுப்பாக இருக்கட்டும், நீட்டலுக்கு 12/12 போடு" என்கிறார். 10 அடிக்கு 10 அடி ஏற்றம். முக்கிய முகட்டைவிட இரண்டரை அடி மேலே துருத்திக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். 9/12 என்றால் 10 அடிக்கு ஏழரை அடி, இரண்டு முகடும் ஒரே மட்டம். இந்த வீட்டில் 9/12தான் எல்லை. இதை வரைந்து காட்டிய பிறகு சொல்வதைவிட, வரையும் முன்பே இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் அரை நாள் மிச்சம்.

4. முதலில் தானாகக் கட்ட விடுங்கள்

கையால் வரையப் போகிறோமே, ஆட்டோ எதற்கு என்று தோன்றும். ஒரு எண்ணுக்காகத்தான்.

பில்ட் மெனுவில் ரூஃப், அதில் பில்ட் ரூஃப். பிட்ச், ஓவர்ஹேங் கொடுத்துக் கூரையைக் கட்டச் சொல்லுங்கள். வந்த சரிவுகளில் ஒன்றைத் திறந்தால் பேஸ்லைன் உயரம் இருக்கும். பிளேட்டுக்கு மேல் ராஃப்டர் எவ்வளவு தூக்கி உட்கார்கிறது என்பதையும் சேர்த்து மென்பொருளே போட்ட எண் அது. பிளேட் உயரத்தை அப்படியே பேஸ்லைன் உயரமாகத் தட்டினால், பிளேட்டுக்கு மேல் தூக்கல் உள்ள வீட்டில் கூரை அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். எனவே இந்த எண்ணைக் காப்பி செய்து வையுங்கள். கையால் வரையும் ஒவ்வொரு சரிவுக்கும் இதுதான் அடிப்படை.

அடுத்து, அதே பெட்டியில் ஆட்டோ ரீபில்ட் ரூஃப்ஸ் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் கண்ணீர் விடுவது இங்கேதான். டிக் இருந்தால், யாராவது ஒரு சுவரைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கூரை புதிதாகக் கட்டப்படும், நீங்கள் திருத்தியது போய்விடும். வேறொருவர் உங்கள் கோப்பைத் திறந்து சுவரைத் தொடும்போதும் இது நடக்கலாம். கூரை வேலை தொடங்கும் முன் வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்து வைப்பதும் கட்டாயம்.

எளிய கேபிளோ ஹிப்போ (எல்லாப் பக்கமும் சரியும் கூரை) என்றால் ஆட்டோ கூரையே போதும். சுவரில் ஃபுல் கேபிள் வால் என்று குறித்தாலே பாதி வீடுகள் முடிந்துவிடும். கையால் வரைவது பெருமைக்கான வேலை இல்லை, ஆட்டோவால் முடியாத இடத்துக்கு மட்டும்.

5. சரிவை வரைவது

ஆட்டோ சரிவுகளில் வேண்டாததை அழித்துவிட்டு, ரூஃப் பிளேன் கருவியை எடுங்கள். கூரை எந்தத் தளத்தின் மேல் உட்காருகிறதோ அந்தத் தளத்தில் நின்று வரையுங்கள். ஒரு மாடி உயரக் கராஜின் கூரையை மேல்தளத்தில் நின்று வரையாதீர்கள். மற்றத் தளத்தின் சுவர்கள் தெரிய வேண்டுமென்றால் ரெஃபரன்ஸ் டிஸ்ப்ளே ஆன்.

வெளிச்சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால் பேஸ்லைன் விழும். பிறகு முகடு இருக்கும் பக்கமாக, அதாவது வீட்டின் உட்பக்கமாகக் கர்சரை நகர்த்திக் கிளிக் செய்யுங்கள். சரிவு வந்துவிடும். அதைத் திறந்து பிட்ச்சையும் காப்பி செய்த பேஸ்லைன் உயரத்தையும் கொடுங்கள். எது மாறக்கூடாதோ அதைப் பூட்டும் வசதி அதே பெட்டியில் உண்டு. பேஸ்லைன் உயரத்தைப் பூட்டிவிட்டுப் பிட்ச்சை மாற்றினால் முகடு ஏறி இறங்கும். முகட்டைப் பூட்டினால் கீழே உள்ளது மாறும். எதைப் பூட்டினோம் என்று பார்க்காமல் எண்ணை மாற்றாதீர்கள்.

பேஸ்லைன் வேறு, கூரையின் விளிம்பு வேறு. பேஸ்லைன் சுவரின் மெயின் லேயருடைய வெளிமுகத்தில் ஒட்டும், அதாவது மரச்சட்டத்தின் முகத்தில். ஓவர்ஹேங்கும் அங்கிருந்துதான் கணக்கு. வெளியே செங்கல் வெனீர் இருந்தால் ஷீத்திங், காற்றிடைவெளி, செங்கல் எல்லாம் சேர்ந்து சுமார் 5 இன்ச் தின்றுவிடும். 12 இன்ச் ஓவர்ஹேங் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிவது 7 இன்ச்தான். "எங்கிருந்து அளந்தது" என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கச் சரிவை மறுபடி வரைய வேண்டாம். முதல் சரிவைக் காப்பி செய்து ரிஃப்ளெக்ட் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் என்பது உறுதி.

6. சரிவுகளைச் சேர்ப்பது

ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, ஜாயின் ரூஃப் பிளேன்ஸ் அழுத்தி, மற்றச் சரிவின் விளிம்பைக் கிளிக் செய்தால் இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். தேர்ந்தெடுக்கும்போது எந்த விளிம்பில் கிளிக் செய்தீர்களோ அந்த விளிம்புதான் நகரும். முகட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் முகட்டு விளிம்பின் மேலேயே கிளிக் செய்யுங்கள். சரிவின் நடுவில் எங்கேயோ கிளிக் செய்துவிட்டு "சேரவில்லை" என்று தவிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நீட்டல் பகுதிக்கு வருவோம். அதன் இரண்டு சரிவுகளையும் வரைந்து முகட்டில் சேர்த்தாயிற்று. இப்போது முக்கியச் சரிவில் அதற்கு இடம் வெட்ட வேண்டும். எல்லாப் பக்கமும் ஓவர்ஹேங் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். முக்கியச் சரிவின் கீழ்விளிம்பில் பிரேக் லைன் கருவியால் மூன்று புள்ளிகள் போடுங்கள்: நடுவில் ஒன்று, அதற்கு இருபுறமும் 12 அடி தள்ளி ஒவ்வொன்று. நடுப்புள்ளியைப் பிடித்து 12 அடி உள்ளே, அதாவது சுவரிலிருந்து நாம் கணக்கிட்ட 10 அடிக்கு இழுங்கள். தலைகீழ் வி வடிவில் ஒரு வெட்டு வரும். அதன் ஒவ்வொரு விளிம்பையும் நீட்டலின் அந்தப் பக்கத்துச் சரிவோடு ஜாயின் செய்யுங்கள். வேலி இரண்டும் உட்கார்ந்துவிடும்.

இப்போது மேலிருந்து பாருங்கள். இரண்டு வேலியும் 45 டிகிரியில் இருக்க வேண்டும். செங்கோண மூலையில், ஒரே பிட்ச், ஒரே பேஸ்லைன் உயரம் என்றால் ஹிப்பும் (வெளிமூலையில் சரிவுகள் சந்திக்கும் கோடு) வேலியும் பிளானில் எப்போதும் 45தான். 44.6 என்று காட்டினால் ஏதோ ஒரு சரிவின் எண் தவறு. கோட்டை இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், இரண்டு சரிவுகளையும் திறந்து எண்களை ஒப்பிடுங்கள். பிட்ச் வேண்டுமென்றே வேறாக இருக்கும் இடத்தில் கோணம் மாறுவது சரிதான்: ஒருபுறம் 6/12, மறுபுறம் 12/12 என்றால் கோடு ஒரு பக்கம் 2 அடி நகரும்போது மறுபக்கம் 1 அடி நகரும்.

7. பிட்ச் வேறானால் ஃபேசியா இடிக்கும்

அமெரிக்கக் கட்டுமானக்காரர்கள் படத்தில் முதலில் பார்க்கும் இடம் இது என்றே சொல்வேன். வீட்டைச் சுற்றி ஃபேசியா பலகை (கூரை விளிம்பை மூடும் பலகை) ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், மூலையில் ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் மழைநீர்க் கட்டர் திரும்பாது.

6/12 சரிவில் 24 இன்ச் ஓவர்ஹேங் என்றால், பேஸ்லைனிலிருந்து விளிம்பு 12 இன்ச் இறங்கும். நீட்டலை 9/12 ஆக்கி அதே 24 இன்ச்சை விட்டால் 18 இன்ச் இறங்கும். ஆறு இன்ச் படி விழுந்துவிட்டது. 12 இன்ச்சே இறங்க வேண்டுமென்றால் 9/12 பக்கத்தில் ஓவர்ஹேங் 16 இன்ச், 12/12 என்றால் 12 இன்ச். பிட்ச் செங்குத்தாக ஏற ஏற ஓவர்ஹேங் குறையும்.

ராஃப்டரின் செங்குத்துத் தடிமன் பிட்ச்சுக்குப் பிட்ச் மாறுவதால் இந்தக் கணக்குக்குப் பிறகும் சின்ன வித்தியாசம் நிற்கும். இரண்டு சரிவிலும் ஃபேசியா டாப் உயரத்தைப் பார்த்து, ஓவர்ஹேங்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சமமாக்குங்கள். ஓவர்ஹேங்தான் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், பிட்ச் அதிகமான பகுதியின் பிளேட்டை உயர்த்த வேண்டிவரும். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அவரிடமே கேளுங்கள்.

8. மறந்துபோகும் சின்னச் சரிவுகள்

புகைபோக்கி கூரையின் நடுவே வந்தால், முகட்டுக்கு இணையான அதன் அகலம் 30 இன்ச்சுக்கு மேல் இருக்கும்போது, பின்னால் தண்ணீர் தேங்காமல் இருக்கக் கிரிக்கெட் என்ற குட்டிக் கூரை வேண்டும் என்கிறது அமெரிக்க வீட்டு விதித்தொகுப்பான ஐ.ஆர்.சி. ஆட்டோ கூரை இதைப் போடாது. இரண்டு குட்டிச் சரிவுகளாகக் கையால்தான் வரைய வேண்டும்.

பின்பக்க வராந்தாவுக்குச் சரிவு போடும்போது மேலே ஜன்னல் இருப்பதால் பிட்ச்சைக் குறைத்துக்கொண்டே போகத் தோன்றும். ஆஸ்பால்ட் ஷிங்கிளுக்கு (தார் பூசிய கூரை வில்லை) 2/12க்குக் கீழே அனுமதி இல்லை. 2/12 முதல் 4/12 வரை அடியில் இரட்டை அண்டர்லேமென்ட் (நீர்த்தடுப்பு விரிப்பு) வேண்டும், படத்தில் அதைக் குறிப்பாக எழுத வேண்டும்.

9. சரிபார்த்து அனுப்புவது

மேலிருந்து ஒரு கேமரா, நாலு மூலையிலும் ஒவ்வொன்று, வேலியின் குறுக்கே ஒரு செக்‌ஷன். கேபிளில் அட்டிக் சுவர் (கூரைக்கு அடியில் மேலே எழும் சுவர்) கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே தெரிந்தாலோ, இடையில் வானம் தெரிந்தாலோ, பேஸ்லைன் சுவரோடு ஒட்டாமல் இருக்கிறது என்று பொருள். அட்டிக் சுவரை அழித்து மறைக்காதீர்கள். மறுபடி வரும்.

பரப்பளவையும் ஒரு கை பார்த்துக்கொள்ளுங்கள். கூரை தரையில் விழும் பரப்பை 6/12க்கு 1.118ஆலும், 9/12க்கு 1.25ஆலும், 12/12க்கு 1.414ஆலும் பெருக்கினால் உண்மையான சரிவுப் பரப்பு கிடைக்கும். 1,800 சதுர அடி 6/12 கூரை என்றால் சுமார் 2,012. அங்கே 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்று சொல்லி ஷிங்கிள் வாங்குவார்கள், ஆக 20 ஸ்கொயர், சேதாரம் தனி. மென்பொருள் காட்டும் எண் இதிலிருந்து வெகுவாக விலகினால், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சரிவுகள் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். காப்பி செய்யும்போது அப்படி நடப்பது சகஜம்.

நேரம் கேட்கும்போது, இங்கே சொன்ன மாதிரி ஒரு நீட்டல் உள்ள வீட்டுக்கு அரை நாள் கேளுங்கள். மூன்று நான்கு பிட்ச் கலந்த இரண்டு மாடி வீட்டுக்கு இரண்டு நாள் கேட்பதில் தவறில்லை. மேலாளர் முகம் சுளித்தால் மூன்றாவது படியின் காகிதத்தைக் காட்டுங்கள்.

அனுப்பும் ரூஃப் பிளானில் ஒவ்வொரு சரிவிலும் பிட்ச்சும் இறங்கும் திசை அம்புக்குறியும், ஒவ்வொரு பக்கத்து ஓவர்ஹேங்கும் அது எங்கிருந்து என்பதும், பிளேட் உயரம் மாறும் இடங்களும் இருக்க வேண்டும். பி.டி.எஃபோடு பிளான் கோப்பையும் அனுப்புவதாக இருந்தால், ஆட்டோ ரீபில்ட் டிக் அணைந்திருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, "கூரை கையால் வரையப்பட்டது, ஆட்டோ ரீபில்டை ஆன் செய்ய வேண்டாம்" என்று மின்னஞ்சலில் ஒரு வரி சேருங்கள்.